அரளியை இன்றே எடுத்துவிடு

அன்புள்ள வசந்திக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். பேரன் தவழத் தொடங்கிவிட்டான் என்ற செய்தியோடு நீ அனுப்பியிருந்த சமையலறைப் படத்தைப் பார்த்ததும், பதில் எழுதாமல் நாளைக் கடத்தும் என் வழக்கத்தை மீறி உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன். விடுதி அறையில் காய்ந்த ரோஜாவைக்கூடத் தூக்கி எறிய மனம் வராதவள், சொந்த அடுக்களையில் பூ வைக்க இத்தனை வருடம் எடுத்துக்கொண்டாயே என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது.

ஆனால் அந்தக் கண்ணாடிக் குவளையில் இருப்பது செவ்வரளி. அதன் பூ, இலை, தண்டு, வேர் அனைத்தும் நஞ்சு. இதயத் துடிப்பையே குலைக்கக்கூடியது. உலர்ந்தாலும் கொதித்தாலும் அந்த நஞ்சு போவதில்லை. தண்டு ஊறிய தண்ணீரையும் கொட்டிவிட்டுக் குவளையை நன்றாகத் தேய்த்துக் கழுவு. சாமிக்குச் சாத்துகிற பூதானே என்று வாதாடுவாய். சாமி அதை வாயில் வைப்பதில்லை. கையில் கிடைத்ததையெல்லாம் உன் பேரன் வைப்பான். ஓரத்தில் தெரிகிற நித்தியகல்யாணியையும் அப்படியே அப்புறப்படுத்து.

அந்தக் குவளைக்கு ரோஜாவே போதும். ஓசூர்ப் பக்கத்திலிருந்து வருகிற நீளக்காம்பு ரோஜாவை வாங்கி, முள்ளையும் தண்ணீரில் மூழ்கும் இலைகளையும் நீக்கி, காம்பின் நுனியைச் சாய்வாக வெட்டி வை. தண்ணீரைத் தினமும் மாற்று. படத்தில் உள்ளதுபோல வாழைப்பழச் சீப்புக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதே, பழுக்கும் பழத்திலிருந்து வெளியேறும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாடச் செய்துவிடும்.

எனக்கு உண்மையில் ஆசையாக இருப்பது உன் கிழக்கு ஜன்னல்தான். காலை வெயில் விழுகிற அப்படியோர் இடத்தை எண்ணெய்ப் புட்டிகளுக்குக் கொடுத்திருக்கிறாயே! வாங்கும் புதினாக் கட்டில் முற்றிய தண்டுகளாகப் பார்த்து, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டித் தண்ணீரில் போட்டு வை. சில நாட்களில் கணுவிலிருந்து நூல் போன்ற வெள்ளை வேர்கள் இறங்கும், பிறகு தொட்டிக்கு மாற்றலாம். ஓமவல்லிக்கு அந்தச் சிரமமும் இல்லை, ஒரு கிளையை ஒடித்து ஈர மண்ணில் செருகினால் போதும். உன்னவருக்கு மழைநாளில் பஜ்ஜியும், பேரனுக்குச் சளி பிடித்தால் உன் அத்தையின் கஷாயமும் அதிலிருந்தே நடக்கும். கொத்தமல்லி விதையை உள்ளங்கையில் தேய்த்து இரண்டாகப் பிளந்து, வளரப்போகும் தொட்டியிலேயே நேரடியாகத் தூவு. பிடுங்கி நடுவதை அது விரும்பாது, கத்திரி வெயிலில் இலை தராமல் பூத்தும்விடும். அதனால் மழை ஓய்ந்து பனி தொடங்கும் மாதங்களில் விதைப்பதே நல்லது. திருநீற்றுப்பச்சிலை ஒன்றும் இருக்கட்டும். இலையைத் தொட்டாலே அடுக்களை மணக்கும், உன் மீன் குழம்பு நாட்களுக்கு அது அவசியம்.

தொட்டிகளுக்கு அடியில் ஓட்டையும் தட்டும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். அரளியை எடுத்துவிட்டாய் என்று இன்றிரவே ஒரு வரி அனுப்பு; மற்றதைப் பொங்கலுக்கு வரும்போது பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
மீனா