ஈ எதனால் இறந்தது என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் இ-சிகரெட்டின் கேடுகளைப் பழ ஈக்களைக் கொண்டு ஆராய்வது பற்றிய செய்தி வெளியாகும்போதெல்லாம், 'ஈக்கும் மனிதனுக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேலி பேசுவோர் ஒருபுறமும், ஈ செத்ததென்ற ஒரு வரியைப் படித்ததும் மனிதருக்கும் அதே கதிதான் என்று முடிவு கட்டுவோர் மறுபுறமுமாக வாசகர்கள் பிரிந்துவிடுகிறார்கள். இரு தரப்புக்கும் இடம் தருவது செய்திகளில் விடுபட்டுப்போகும் சில விவரங்களே என்பதால் இதை எழுதுகிறேன்.

கேலிக்கு விடை எளிது. மனித நோய்களோடு தொடர்புடைய மரபணுக்களில் ஏறத்தாழ 75 விழுக்காட்டுக்கு இணையானவை பழ ஈயிடம் உள்ளன. உடல் கடிகாரம் இயங்கும் விதத்தை இந்த ஈயின் மரபணுக்களில் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. முட்டையிட்ட 10 நாட்களில் புதிய ஈ வெளிவந்துவிடுவதால், ஆவியை முகர்ந்த ஈயின் பேரப்பிள்ளைகளைக்கூடச் சில வாரங்களில் சோதித்துவிடலாம். சோதனையும் ஆடம்பரமற்றது. பஞ்சடைத்த கண்ணாடிக் குழாயை மேசைமேல் தட்டினால் ஈக்கள் அடியில் விழும்; மேலே ஏறுவது அவற்றின் இயல்பு என்பதால், குறித்த நொடிகளுக்குள் எத்தனை ஈக்கள் குழாயில் வரைந்த கோட்டைத் தாண்டுகின்றன என்று எண்ணுவார்கள். ஆவி செலுத்தப்பட்டவை பின்தங்கினால், நரம்போ தசையோ பழுதுபட்டிருக்கலாம் என்பதற்கு அது முதல் அறிகுறி.

சிக்கல் பல இ-சிகரெட் திரவங்களில் கலந்திருக்கும் நிகோடினில்தான் இருக்கிறது. தன்னைத் தின்ன வரும் பூச்சிகளிடமிருந்து தப்பிக்கப் புகையிலைச் செடி உண்டாக்கும் நஞ்சு அது. வேளாண்மையில் பூச்சிமருந்தாகவே நெடுங்காலம் தெளிக்கப்பட்டது. பூச்சியின் மூளையில் நரம்புகள் ஒன்றையொன்று தூண்டுவதற்குப் பெரிதும் சார்ந்திருக்கும் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளை உணரும் ஏற்பிகளையே அது தாக்குகிறது. ஆகவே, நிகோடின் ஆவியில் ஈ செத்தது என்பது பூச்சிமருந்தில் பூச்சி செத்தது என்பதைவிடப் பெரிய செய்தியல்ல. மாறாக, ஆவியை உண்டாக்கும் புரோப்பிலீன் கிளைகோலும் கிளிசரினும் மணமூட்டியும் மட்டுமே கொண்ட திரவத்தின் ஆவியிலேயே ஈயின் ஆயுள் குறையுமானால் அதைக் கவனித்தாக வேண்டும். இத்திரவங்கள் மிகையாகச் சூடேறும்போது ஃபார்மால்டிஹைடு, அக்ரோலீன் போன்ற நச்சுகள் உருவாகின்றன என்பது ஏற்கெனவே தெரிந்ததே. 'நிகோடின் இல்லை' என்று அச்சிட்ட புட்டியை நம்பி வாங்கும் இளைஞருக்குப் பயன்படுவது இந்த ஒப்பீடுதான்.

ஈயால் சொல்ல இயலாததும் உண்டு. அதற்கு நுரையீரல் கிடையாது. உடலின் பக்கவாட்டுத் துளைகளில் நுழையும் காற்று நுண்குழாய்கள் வழியே நேராகத் திசுக்களை அடைகிறது. அமெரிக்காவில் 2019இல் வெடித்து, 2020 பிப்ரவரிக்குள் 68 உயிர்களைப் பறித்த, இ-சிகரெட் சார்ந்த நுரையீரல் பாதிப்பில், பெரும்பாலோர் கஞ்சாவின் போதைப்பொருள் கலந்த திரவங்களைப் பயன்படுத்தியிருந்தனர். அத்திரவங்களில் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிடேட்டின் மீது வலுவான ஐயம் விழுந்தது, நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் அப்பொருள் காணப்பட்டதால்தான். அத்தகைய தடயத்தை ஈயிடம் தேட முடியாது.

எனவே, இனி இத்தகைய செய்தியை வெளியிடும்போது, ஆவியில் நிகோடின் இருந்ததா, எவ்வளவு, நாளொன்றுக்கு எத்தனை முறை செலுத்தப்பட்டது, வெறுங்காற்றை மட்டும் பெற்ற ஈக்களோடும் நிகோடினற்ற ஆவியைப் பெற்ற ஈக்களோடும் ஒப்பிட்டார்களா, ஆண் ஈக்களையும் பெண் ஈக்களையும் தனித்தனியே கணக்கிட்டார்களா என்பவற்றுக்கு ஒரு பத்தியேனும் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்