அந்தியூர் குதிரைச் சந்தைக்குப் படம் எடுக்கப் போறவங்க கவனத்துக்கு

வணக்கங்க. ஆடி மாசம் குருநாதசாமி கோயில் பண்டிகைக்குப் போறவங்க காலைல 6.30-க்கே சந்தைக்குள்ள இருங்க. அந்தச் சாய்வெயில்ல தான் குதிரையோட உடம்பு மினுமினுப்பு அப்படியே படத்துல விழும்.

வெள்ளைக் குதிரை படத்தை நிறைச்சுதுன்னா கேமரா தானாவே வெளிச்சத்தைக் குறைச்சு சாம்பல் நிறமாக்கிரும். எக்ஸ்போஷரை (படத்துல பதியற வெளிச்ச அளவு) +0.7 ஏத்துங்க, கருங்குதிரைக்கு அதே அளவு இறக்குங்க. குதிரையை ஓட்டிக் காட்டறப்ப ஷட்டர் வேகம் 1/1000 நொடியை விட மெதுவா இருக்கக் கூடாது. 1/250-ல வெச்சா குளம்பும் பிடரி மயிரும் கலங்கிப் போயிரும்.

ஃபிளாஷ் அடிக்கவே வேண்டாமுங்க. குதிரை மிரண்டா கயித்தைப் புடிச்சிருக்கறவருக்குத்தான் அடி. நேர் பின்னால நிக்காதீங்க, தோள்பட்டைப் பக்கமா அதோட கண்ணுக்குத் தெரியற மாதிரி நில்லுங்க. குதிரைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டே எடுங்க.

சந்தைக்குள்ள லென்ஸ் மாத்தாதீங்க. புழுதி சென்சார்ல (கேமராவுக்குள்ள படம் பதியற தகடு) ஒட்டினா வானமெல்லாம் கரும்புள்ளி.

வாட்ஸ்அப் குழுவுல படம் போடறப்ப ‘டாக்குமென்ட்’டா அனுப்புங்க, போட்டோவா அனுப்பினா வாட்ஸ்அப் சுருக்கிரும், அச்சுக்கு ஆகாது. தேதியும் இடமும் கூடவே எழுதிருங்க.