கம்பி இருக்குன்னு தெரிஞ்சவங்களும் மோதுறாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

மருந்து தெளிக்கப் போன ஹெலிகாப்டர் கரண்ட் கம்பியில மாட்டி விழுந்த செய்தியை உங்க பேப்பர்ல படிச்சேன். நாலே வரி, அதுல கடைசி வரி விமானியோட கவனக்குறைவுதான் காரணம்னு முடியுது. விசாரணையே இன்னும் முடியல, அதுக்குள்ள யார் முடிவு பண்ணினது? மனசு கேக்கல, அதான் எழுதறேன்.

நான் தேனி பக்கம் வாழை விவசாயக் குடும்பம், இப்போ ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து மாநிலம் இன்னிஸ்ஃபெயில் பக்கம் வாழைத் தோட்டத்துல வேலை பாக்கறேன். இங்க இலைப்புள்ளி நோய்க்கு மேன்கோசெப்பும் மினரல் ஆயிலும் கலந்து வானத்துலேருந்து அடிப்பாங்க, ரெண்டு சீசன் நான் ஹெலிகாப்டருக்கு மருந்து ரொப்புற லாரியில இருந்தேன். லாரி மேலயே மேடை இருக்கும், ஹெலிகாப்டர் அதுல வந்து உக்காரும், இறக்கை சுத்திக்கிட்டே இருக்கும், நாங்க குனிஞ்சு போய் ஹோஸை மாட்டி டேங்க்கை ரொப்பி கட்டைவிரலைக் காட்டினா கிளம்பிடும். அந்த கேப்ல முன்கண்ணாடியை துணியால துடைச்சு விடறது என் வேலை, ஏன்னா ஆயில் படலம் ஒட்டிக்கும், காலை வெயில் நேரா அதுல பட்டா எதிர்ல உள்ளது எல்லாம் பால் ஊத்தின மாதிரி வெளுத்துடும். துடைச்ச அஞ்சாவது நிமிஷம் திரும்ப அப்படித்தான்.

பயிருக்கு மேல ஒரு ஆள், ரெண்டு ஆள் உயரத்துல பறக்கற வேலை இது. அந்த உயரத்துல இன்ஜின் நின்னா யோசிக்கவே நேரம் கிடையாது. அதுக்கு நடுவுல காத்து எந்தப் பக்கம் அடிக்குது, மருந்து பக்கத்து வீட்டுக்குப் போகுதா, ஜிபிஎஸ் கோட்டுல போறோமா, எங்க திரும்பணும், டேங்க்ல எவ்வளவு மிச்சம், இத்தனையும் ஒரே தலையில ஓடும். கம்பி கண்ணுக்குத் தெரியாதுங்க, போஸ்ட் எங்க நிக்குது, அதுல கம்பியைத் தாங்கற பீங்கான் எந்தப் பக்கம் பாக்குதுன்னு வச்சுதான் கம்பி எப்படிப் போகும்னு விமானி கணக்குப் போடுவார். அதுலயும் இங்க கிராமங்கள்ல ஒத்தைக் கம்பி லைன் நிறைய, போஸ்ட்டுக்கு போஸ்ட் தூரம் ரொம்ப அதிகம், மங்கிப்போன ஒரே ஒரு கம்பி பச்சைக்கு நடுவுல அப்படியே கரைஞ்சிடும்.

இங்க விபத்துகளை விசாரிக்கற ஆஸ்திரேலிய போக்குவரத்து பாதுகாப்பு வாரியம் 2001லேருந்து 2010 வரைக்கும் நடந்த கம்பி மோதல்களை எடுத்துப் பார்த்திருக்காங்க. மொத்தம் 180, அதுல 100 விவசாய வேலையில நடந்தது. அந்த நூறுல 63 சதவீதம் பேருக்கு கம்பி அங்க இருக்குன்னு மோதுறதுக்கு முன்னாடியே தெரியும்! தெரிஞ்ச கம்பி ஒரு சில செகண்ட் மனசை விட்டு நழுவுது, அவ்வளவுதான். அதுவும் முக்கால்வாசி வேலை முடிஞ்சு ஓரத்துல இருக்கற மிச்சத்தை அடிக்கறப்போ ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்னு எங்க விமானி சொல்லிக்கிட்டே இருப்பார், அதுவரைக்கும் வரிசையா நேரா பறந்த ஆள் அப்போ குறுக்கால பறப்பார், கம்பி இருக்கறதும் ஓரத்துலதான்.

ஒரு நாள் காலையில லாரியை உள்ள ஓட்டிட்டுப் போறேன், பம்ப் ஷெட் பக்கம் புதுசா ஒரு போஸ்ட், அடிமண் கூட இன்னும் காயல. தோட்டக்காரர் குடுத்த மேப்புல அது இல்ல. உடனே ரேடியோவுல சொன்னேன், விமானி தரையிறங்கி மேப்புல செவப்பு பேனாவால கோடு போட்டார், அந்தக் கோடு மேல விரலை வச்சபடி கொஞ்ச நேரம் பேசவே இல்ல. நான் வேற வழியா வந்திருந்தா? கம்பி இழுத்த தோட்டக்காரர் நல்ல மனுஷன்தான், சொல்லணும்னு அவருக்குத் தோணல.

அதனாலதான் கேக்கறேன், தூரத்துலேருந்தே தெரியறதுக்காக கம்பியில ஆரஞ்சு உருண்டை மாட்டியிருந்தாங்களா, மேப் சரியா இருந்துச்சா, நிலத்துக்காரர் சொன்னாரா, அந்த விமானி அன்னிக்கு எத்தனையாவது மணி நேரமா பறந்துக்கிட்டிருந்தார், இதெல்லாம் விசாரிச்சு எழுதுங்க. அவருக்கும் வீட்டுல ஆளுங்க இருக்காங்க, அந்த நாலு வரியை அவங்களும் படிச்சிருப்பாங்க. விசாரணை அறிக்கை வந்ததும் அதே பக்கத்துல, அதே இடத்துல போடுங்க ஐயா.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
இன்னிஸ்ஃபெயில், குயின்ஸ்லாந்து