படுக்கைப்புண்: வார்டு செவிலியர்கள் கவனத்துக்கு

வணக்கம் சிஸ்டர்ஸ். புதிதாக அட்மிட் ஆகும் ஒவ்வொருவருக்கும் அன்றே, படுக்கைப்புண் வரும் ஆபத்தைக் கணிக்கும் பிரேடன் மதிப்பெண் போட்டுவிடுங்கள். மொத்தம் 23. 18 அல்லது அதற்குக் கீழே என்றால் படுக்கைப்புண் வர வாய்ப்பு உண்டு. 12-க்கு இறங்கிவிட்டால் ஆபத்து அதிகம்.

எண்ணை எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஆளைத் திருப்பி வால் எலும்பு, இடுப்பு, குதிகால் எல்லாம் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தும்போது வெளுக்கவில்லையா? அது முதல் நிலைப் புண். நம்மவர்களின் தோல் நிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது. சூடாக, கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்கணும். அங்கே பவுடர் போட்டுத் தேய்ப்பது வேண்டவே வேண்டாம், உடனிருப்பவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பி, நேரத்தைச் சார்ட்டில் எழுதவும். அப்புறம், காற்றுமெத்தை இருந்தாலும் திருப்பத்தான் வேண்டும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.