அரையாண்டு விடுமுறையில் ஏற்காட்டில் நடக்கப் போகும் குடும்பங்களுக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. விடைத்தாள் திருத்தும் வேலை இனி ஆசிரியர்களுக்கு. பிள்ளைகளை வீட்டில் வைத்துச் சமாளிக்கும் வேலை உங்களுக்கு. இதில் எது கடினம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

போன பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பேச்செல்லாம் முடிந்து கிளம்பும்போது ஒரு அம்மா கேட்டார்: "லீவுல ஏற்காடு போலாம்னு இருக்கோம் சார். சின்னவனுக்கு ஆறு வயசு. அவன் நடக்கிற மாதிரி மலை ஏதாவது இருக்குதுங்களா?" பக்கத்தில் நின்றவர்களும் அப்படியே நின்று கேட்டார்கள். அங்கே இரண்டு வரியில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சேலத்துப் பிள்ளைகளில் ஏற்காடு பார்க்காதவர்கள் குறைவு. ஏற்காட்டில் நடந்தவர்களும் குறைவு. 'நான் சென்று வந்த சுற்றுலா' என்று ஏழாம் வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்னால் படகு வருகிறது, மிளகாய் பஜ்ஜி வருகிறது, குரங்கு கொய்யாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது வருகிறது. மலை வருவதில்லை. வண்டி ஒவ்வொரு பாயிண்ட்டிலும் பத்து நிமிடம் நிற்கிறது, செல்ஃபி எடுக்கிறோம், ஏறிக்கொள்கிறோம். ஒரே நாளில் ஏழெட்டு இடம் பார்த்த கணக்கு நமக்கு. பிள்ளைக்கோ நாள் முழுக்க வண்டியில் உட்கார்ந்த வயிற்றுப் புரட்டல். ஒரே ஒரு இடம் போதும், ஆனால் அங்கே நடங்கள் என்பதுதான் என் யோசனை.

எங்கே நடப்பது என்பதற்கு முன்னால் நம் மலையைப் பற்றி ஒரு விஷயம். இங்கிலாந்தின் வடமேற்கில் லேக் டிஸ்ட்ரிக்ட் என்று ஏரிகளும் மலைகளும் சேர்ந்த பகுதி ஒன்று உண்டு. சின்னப் பிள்ளைகளை முதன்முதலில் மலைக்குக் கூட்டிப்போகும் குடும்பங்கள் பல அங்கே கேட்பெல்ஸ் என்ற குன்றில்தான் தொடங்கும். அதன் உயரம் 451 மீட்டர். அந்த நாட்டின் மிக உயர்ந்த சிகரமான ஸ்கேஃபெல் பைக்கும் அதே பகுதியில்தான் இருக்கிறது, 978 மீட்டர். நம் ஏற்காட்டில் படகு விடுகிற ஏரியே அதைவிட உயரத்தில் இருக்கிறது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமையும்தான்.

ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே ஏரி பள்ளத்தாக்கில் கிடக்கிறது. கரையிலிருந்து கிளம்பினால் முதலில் ஏற்றம், திரும்பும்போது இறக்கம். காலில் தெம்பு இருக்கும்போதே கஷ்டமான பாதி முடிந்துவிடும். இங்கே 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தே நமக்காக ஏறிவிடுகிறது. நாம் இறங்கும் இடம் மலையின் மேல்தளம். அங்கிருந்து அருவிக்கோ காட்சி முனைக்கோ போனால் பெரும்பாலும் முதலில் இறக்கம்தான். பிள்ளைகள் துள்ளிக் குதித்து இறங்குவார்கள், நாமும் 'என்ன சுலபமா இருக்கு' என்று நினைப்போம். திரும்பும்போது வெயில் ஏறியிருக்கும், தண்ணீர் பாட்டில் காலியாகியிருக்கும், அப்போதுதான் ஏற்றம் வரும். "அப்பா தூக்கு" என்பதும் அப்போதுதான். ஏற்காட்டில் பிள்ளைகளோடு நடக்கப் போகிறவர்கள் முதலில் இதைத்தான் கணக்கில் வைக்க வேண்டும்.

நேரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்னது: மூன்று மைல் நடக்க ஒரு மணி நேரம், 2,000 அடி ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். நம் அளவில் ஏறக்குறைய 5 கிலோமீட்டருக்கும் 600 மீட்டர் ஏற்றத்துக்கும் தலா ஒரு மணி நேரம். இது திடகாத்திரமான பெரியவர்களுக்கு. ஆறேழு வயதுப் பிள்ளை என்றால் இரண்டால் பெருக்குங்கள். கூடவே ஆயாவும் தாத்தாவும் வந்தால் கணக்கையே விட்டுவிடுங்கள். அவர்கள் நின்ற இடமெல்லாம் ஓய்விடம்.

இதையெல்லாம் யோசித்துப் பார்த்தால், முதல் மலையாக நான் சொல்வது சேர்வராயன் கோயில் மலை. சுமார் 1,620 மீட்டர். கோயில் வரைக்கும் வண்டி போகும், அதனால்தான் யாரும் நடப்பதில்லை. கடைசி ஏற்றத்துக்கு முன்பே வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சாலையோரமாகவே ஏறுங்கள். முதலில் ஏற்றம், அப்புறம் இறக்கம் என்று முறையாக அமையும் நடை இது. பாதை தேடி அலைய வேண்டாம். முடியவில்லை என்றால் திரும்பிவிடலாம், அல்லது அப்பா போய் வண்டியை எடுத்து வரலாம். முதல்முறை வருபவர்களுக்கு இந்த வசதி பெரிது.

மேலே போனால் மரம் அடர்ந்த உச்சியை எதிர்பார்க்காதீர்கள். புல் படர்ந்த அகலமான வெளி. காற்று ஆளைத் தள்ளும். மண் சிவந்திருக்கும். பிள்ளைகளை ஒரு நிமிடம் நிறுத்தி அந்த மண்ணைக் காட்டுங்கள். அலுமினியம் எடுக்கப் பயன்படும் பாக்சைட் இந்த மலையின் தலையில் இருக்கிறது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்து வெட்டிக்கொண்டு போனார்கள். அடியில் இருப்பது சார்னோகைட் என்னும் கடினமான பாறை. மழையும் வெயிலும் மாறி மாறி அடித்து, பாறையில் கரைகிறதெல்லாம் கரைந்து போய், கரையாமல் நின்றதுதான் பாக்சைட். பல லட்சம் ஆண்டு வேலை. ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பாறைச் சிதைவு என்று மனப்பாடம் செய்வது இதைத்தான். மலையடிவாரத்துக்கு வரும் வழியில் சேலத்தை ஒட்டி வெள்ளை வெளேரென்று தெரியும் மேடுகள் வேறு. அது மேக்னசைட், நாம் வெள்ளைக்கல் என்கிறோமே, அது.

கோயில் ஒரு குகைக்குள் இருக்கிறது. குனிந்துதான் போக வேண்டும், பிள்ளைகளுக்கு அதுவே பெரிய குஷி. உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். இந்த மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் தெய்வம். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்று வட்டார மலைக் கிராமங்களே திரண்டு வரும். அதனால் கோயில் வாசலில் பாய் விரித்துப் புளிசாதம் பிரிக்க வேண்டாம். கொஞ்சம் தள்ளிப் போய்ச் சாப்பிடலாம், இடத்துக்கா பஞ்சம்?

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் ஏரிக்கரைச் சாலையே போதும். காலை ஏழு மணிக்கெல்லாம் போய்விட்டால் ஏரி மேல் பனிமூட்டம் இருக்கும், கூட்டம் இருக்காது. பத்து மணிக்கு மேல் அது நடக்கும் இடமல்ல, ஹாரன் கேட்கும் இடம். லேடீஸ் சீட்டுக்கும் ஏரிப் பக்கத்திலிருந்து நடந்தே போகலாம்; நாம் ஏறி வந்த வளைவுச் சாலையும் கீழே சேலமும் அங்கிருந்து தெரியும். சாலையில் வண்டி வரும், ஆகவே வரிசையாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக நடக்க வேண்டும். கையைப் பிடித்த பிள்ளை சாலைப் பக்கம் வேண்டாம்.

பகோடா பாயிண்ட் போகும் சாலை எனக்குப் பிடித்தது. இருபுறமும் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. காப்பிச் செடி இந்த மலைக்கு வந்தது 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். டிசம்பரில் பழம் சிவந்திருக்கும். பார்க்கலாம், படம் வரையலாம், பறிக்கக் கூடாது. அது ஒருவருடைய வருமானம். கேட் போட்ட எஸ்டேட் பாதைக்குள் அனுமதி கேட்காமல் நுழையவும் வேண்டாம். அங்கே காட்டெருமை நிற்பதும் உண்டு. பார்த்தால் சத்தம் போடாமல் வந்த வழியே பின்வாங்குங்கள். போட்டோவுக்காக நெருங்கும் பெரியவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை, பிள்ளைகளைப் பற்றியல்ல.

கிளியூர் அருவி பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள். ஏரியிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர். மழையில் ஏரி நிறைந்து வழியும் தண்ணீர் அந்தப் பக்கம்தான் போய் 300 அடி விழுகிறது. ஆகவே வடகிழக்குப் பருவமழை முடிந்த இந்த நாட்களில் தண்ணீர் இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் மேலே சொன்ன தலைகீழ்க் கணக்குக்கு இதுதான் முழு உதாரணம். செங்குத்தாக இறங்க வேண்டும், அத்தனையும் திரும்ப ஏற வேண்டும். எட்டு வயதுக்கு மேல், சேர்வராயன் மலையைத் தானாக ஏறி இறங்கிய பிள்ளை என்றால் கூட்டிப்போங்கள். முட்டிவலி உள்ள தாத்தாவை மேலேயே உட்கார வையுங்கள். அவர் மறுத்தால் நீங்களும் உட்காருங்கள். முந்தின இரவு மழை பெய்திருந்தால் யாரும் போக வேண்டாம். அருவிப் பாறையில் பாசி இருக்கும். அதன் மேல் ஏறுவது, அடியில் போய்க் குளிப்பது, இரண்டுக்கும் என் பதில் ஒன்றே: கூடாது. தடுப்போ அறிவிப்புப் பலகையோ இருந்தால் அதோடு வாதாடவும் வேண்டாம்.

மேல் வகுப்புப் பையன்களுக்குத் தெரிந்த இன்னொரு வழி இருக்கிறது. கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கமிருந்து காட்டு வழியாக மேலே ஏறுவது. அனுமதியில்லாமல் வனத்துக்குள் போவது சட்டப்படி குற்றம், அதைவிட முக்கியமாக ஆபத்து. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வனப் பாதையில்தான் நடக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டம் இருக்கிறது. இணையத்தில் பதிவு செய்துகொண்டு வழிகாட்டியோடு போகலாம். பாதைகளை எளிது, மிதம், கடினம் என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். பையன் "ஃப்ரெண்ட்ஸோட கிரவுண்டுக்குப் போறேன்" என்று விடியற்காலையில் தண்ணீர் பாட்டிலோடு கிளம்பினால் எந்த கிரவுண்ட் என்று கேளுங்கள்.

கிளம்பும் நாள் காலையில் இரண்டு இட்லி போதும். பூரிக்கிழங்கு சாப்பிட்டுவிட்டு 20 வளைவு ஏறினால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். பிள்ளையை முன்பக்கம், வெளியே பார்த்தபடி உட்கார வையுங்கள். வளைவில் போனைக் கொடுக்காதீர்கள். சேலத்துக்கும் மலை உச்சிக்கும் 1,300 மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு, அப்படியென்றால் எட்டு டிகிரிக்கு மேல் குளிர் கூடும், அதோடு காற்றும் சேரும். ஸ்வெட்டர் அவசியம். பள்ளிக்குப் போடும் பி.டி. ஷூவே போதும், ஆனால் அடிப்பகுதி தேய்ந்து வழவழப்பாகிவிட்டதா என்று திருப்பிப் பாருங்கள். நடக்கத் தொடங்கும் முன் படகுத்துறைப் பக்கமோ அண்ணா பூங்காப் பக்கமோ எல்லோரும் கழிப்பறை போய்விட்டு வந்துவிடுங்கள். பெண்பிள்ளைகள் இதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள்.

சாப்பாட்டுக்குப் புளிசாதம், எலுமிச்சை சாதம், கடலைமிட்டாய். தட்டுவடையும் எடுத்துப் போகலாம். நடுவில் சட்னியும் காய்கறியும் வைத்து 'செட்' போட்டுக் கட்டினால் மலை ஏறுவதற்குள் நமத்துவிடும், தனித்தனியாகக் கட்டுங்கள். குரங்குக்கு எதுவும் கொடுக்கக் கூடாது. பாலிதீன் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு நடந்தாலே அது வந்துவிடும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது, எவர்சில்வர் டப்பாவே போதும். மாலை நான்கு மணிக்கு நடையை முடித்துக்கொண்டால் இருட்டும் முன் அடிவாரம் வந்துவிடலாம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரண்டு நாளும் தவிர்த்துவிடுங்கள். மலை முழுக்க வண்டிதான் நிற்கும்.

பட்டறை, தறி என்று ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு கிடைக்கும் வீடுகள் நம் பள்ளியில் நிறைய. ஏற்காடு போக முடியவில்லை என்றால் குறையொன்றுமில்லை. ஊத்துமலை முருகன் கோயிலுக்கு ஏறி வந்தால் ஒரு காலைப் பொழுதுதான். கால் பழகிய பிள்ளைகளுக்குச் சங்ககிரிக் கோட்டை. தீரன் சின்னமலையை 1805-இல் தூக்கிலிட்ட இடம் என்பதால் சமூக அறிவியல் பாடமும் சேர்ந்துகொள்ளும். பெரும்பாலும் வெட்டவெளிப் பாறை, நிழல் குறைவு, வெயிலுக்கு முன் ஏறி இறங்கிவிட வேண்டும். அதுவும் இல்லையென்றால் கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் மாலை ஒரு நடை. சேர்வராயன் மலையில் பெய்கிற மழையில் ஒரு பங்கு அந்த ஏரிக்குத்தான் வருகிறது. திட்டுகளில் பறவை பார்க்கலாம், பேருந்துச் செலவோடு சரி.

இது வீட்டுப்பாடம் இல்லை. போட்டோ ஒட்டி ப்ராஜெக்ட் எதுவும் கேட்கக் கூடாது என்று வகுப்பாசிரியர்களிடமும் சொல்லிவிட்டேன். உங்கள் பிள்ளைக்கு மூச்சிரைப்பு, வலிப்பு போன்ற தொந்தரவு ஏதாவது இருந்தால் கிளம்பும் முன் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து கைப்பையில் இருக்கட்டும், வண்டியில் வேண்டாம். பள்ளி திறக்கும் தேதி உங்கள் செல்போனுக்குக் குறுஞ்செய்தியாக வரும். அன்று பி.டி. ஷூ காயவில்லை என்றால் செருப்பு போட்டு அனுப்புங்கள், வாசலில் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்