பீங்கான் பெட்டி என்று ஒன்று கிடையாது

ஆசிரியருக்கு,

அணுக்கழிவு பற்றிய உங்கள் கட்டுரையில், கழிவைப் 'பீங்கான் பெட்டிக்குள் அடைத்துப் பூமியில் புதைப்பார்கள்' என்று ஒரு வரி. ஒரு பக்கம் கூடங்குளம், இன்னொரு பக்கம் கல்பாக்கம் என்று இருக்கும் எங்கள் ராமநாதபுரம் கரையில் இதைப் படித்தவர்கள், "பெட்டி உடைஞ்சா என்ன செய்வாங்க?" என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பீங்கான் ஒரு பெட்டியே அல்ல; கழிவே பீங்கானாகிவிடுகிறது.

1978-ல் ஆஸ்திரேலியப் புவியியல் அறிஞர் டெட் ரிங்வுட் முன்வைத்த சின்ராக் என்ற செயற்கைப் பாறையைப் பாருங்கள். டைட்டானியம், சிர்கோனியம், கால்சியம் போன்றவற்றின் ஆக்சைடுகளோடு கழிவுக் கரைசலைக் கலந்து, உலர்த்தி, வறுத்துப் பொடியாக்குகிறார்கள். அப்புறம் ஏறத்தாழ 1200 டிகிரி சூட்டில் அழுத்துகிறார்கள். அப்போது அதில் சில கனிமப் படிகங்கள் உருவாகின்றன. கழிவிலுள்ள கதிரியக்கத் தனிமங்களில் சீசியம் ஹாலண்டைட் என்ற கனிமத்திலும், ஸ்ட்ரான்ஷியம் பெரோவ்ஸ்கைட்டிலும், புளூட்டோனியம் பெரும்பாலும் சிர்கோனோலைட்டிலும் படிகத்தின் அங்கமாகவே உட்கார்ந்துகொள்கின்றன. தொல்லை தருவது சீசியம். சூடு ஏறினால் ஆவியாகி ஓடப் பார்க்கும். அதனால் பொடியை உலோகக் கேனில் கொட்டி, காற்றை உறிஞ்சி, வெல்டு வைத்து மூடி, சூடான ஆர்கான் வாயுவால் எல்லாப் பக்கமும் நெருக்குகிறார்கள். கேன் நசுங்கிச் சுருங்கும், பொடி கெட்டிப் பாறையாகும், சீசியம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

எங்கள் மாவட்டத்து அழகன்குளம் அகழாய்வில் கிடைத்த பானையோடுகள் இரண்டாயிரம் ஆண்டு தாங்கவில்லையா என்று கட்டுரையாளர் தேற்றுகிறார். புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே 24,100 ஆண்டு ஆகும், ஐயா! சான்று வேண்டுமானால் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இலங்கையில் கிடைக்கும் இயற்கைச் சிர்கோனோலைட்டுக்கு வயது சுமார் 55 கோடி ஆண்டு. உள்ளிருக்கும் யுரேனியம், தோரியத்தின் கதிர்வீச்சில் படிக ஒழுங்கே குலைந்துபோயும், அவற்றை அது பெரும்பாலும் வெளியே விடவில்லை.

சரி, நம் நாட்டில்? தாராப்பூர், டிராம்பே, கல்பாக்கம் மூன்றிலும் கழிவை உருக்கிச் சேர்ப்பது போரோசிலிக்கேட் என்ற போரான் கலந்த கண்ணாடியில்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன். பல சரக்கும் கலந்த கழிவைக் கண்ணாடி ஏற்றுக்கொள்ளும்; பீங்கானுக்குக் கலவை கொஞ்சம் பிசகினாலும் ஆகாது. புளூட்டோனியம் மிகுந்த கழிவுக்குத்தான் பீங்கான் மேல் என்பது என் எண்ணம்.

கண்ணாடியோ பீங்கானோ, நிரந்தரமாகப் புதைக்க இந்தியாவில் இன்னும் ஓர் இடம் அமையவில்லை. அந்த இடத்தை யார், எந்த ஊர்க்காரர்களைக் கேட்டு முடிவு செய்வார்கள் என்று அடுத்த கட்டுரையில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
கீழக்கரை