கரண்ட் போனால் பாட்டு எங்கே நிற்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டெழுதும் எழுத்துத் திரையில், மவுஸைத் தொடாமல் பாட்டுக் கேட்க உதவும் பிளேயர்களை ஒப்பிட்டு உங்கள் கணினிப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நிறம், தோற்றம், பாட்டுக்கு ஏற்ப ஆடும் அலைக்கோடு என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டிருக்கிறீர்கள். கரண்ட் போய் வந்தால் எது விட்ட இடத்தை ஞாபகம் வைத்திருக்கும் என்று ஒரு வரி இல்லை. சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவனுக்கு முதல் கேள்வியே அதுதானுங்க.

எங்கள் தறி ஆபீஸில் இருப்பது 2 ஜிபி ராம் உள்ள பழைய கம்ப்யூட்டர். காடாத் துணிக் கணக்கு எழுத லினக்ஸ் போட்டு வைத்தது. பஞ்சுத் தூசியில் மவுஸ் நாலு மாதம் தாக்குப்பிடித்தால் பெரிய விஷயம், அதனால் கீபோர்டுதான் கதி. நான் கேட்பது சினிமாப் பாட்டு இல்லை. உடுக்கை அடித்துப் பாடிச் சொல்லும் உடுக்கடிக் கதைகள், அப்பா சேர்த்து வைத்த கேசட்டுகள். பக்கத்துக்கு 45 நிமிடம். ஒரு பக்கம் ஒரு ஃபைல். மூன்று நிமிடப் பாட்டென்றால் முதலிலிருந்து போட்டுக்கொள்ளலாம். வீரர்கள் போரில் மடியும் படுகளக் கட்டத்தைக் கதை நெருங்கும்போது 38ஆவது நிமிடத்தில் கரண்ட் போனால்?

கட்டுரையாளர் முதலிடம் கொடுத்த சிமஸ் என்ற பிளேயர் எனக்கும் கைக்குப் பழகியதுதான். கீழ் வரிசையில் இசட், எக்ஸ், சி, வி, பி என்ற ஐந்து விசைகளில் முழு வேலையும் முடிந்துவிடும். போன் அடித்தால் திரையைப் பார்க்காமலே சி-யைத் தட்டுவேன், பாட்டு நிற்கும். ஆனால் தமிழில் தட்டெழுதும் தமிழ்99 விசைப்பலகையை ஆன் செய்தது மறந்துபோனால் அதே ஐந்தும் ஔ, ஓ, ஒ, வ, ங ஆகிவிடும். சிமஸுக்கு எங்கே புரியும்! தேடுவதற்குச் சாய்கோட்டைத் தட்டினால் அதுவும் ழ. ஃபைல் பெயரை ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறது கட்டுரை. அப்பா கேசட் அட்டையில் எழுதிய பெயரை நான் ஏன் மாற்ற வேண்டும்? திரையில் தமிழ்ப் பெயர் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகத் தெரிந்தாலும் எனக்குப் படிக்க வருகிறது. எழுத்துக்கு ஒரு கட்டம் என்று கணக்குப் போடும் டெர்மினலின் கோளாறு அது.

சரி, கரண்டுக்கு வருகிறேன். சிமஸில் விட்ட இடத்திலிருந்து தொடரும் ரெஸ்யூம் வசதி உண்டு, ஆனால் ஒழுங்காக மூடினால்தான் இடத்தைக் குறித்து வைக்கும். எம்பிவி என்ற பிளேயரும் அப்படியே, ஷிஃப்டோடு க்யூ அழுத்தி வெளியேற வேண்டும். கரண்ட் சொல்லிக்கொண்டா போகிறது? எம்பிடி என்ற பிளேயர் வேறு ரகம். அது திரைக்குப் பின்னால் ஓடும் சர்வர், அதை இயக்க நாம் திறக்கும் என்சிஎம்பிசிபிபி வெறும் முகம்தான். முகத்தை மூடினாலும் பாட்டு ஓடும். மூடும்வரை காத்திருக்காமல், ஓடும்போதே நிலையை ஒரு ஃபைலில் எழுதியும் வைக்கும். பாட்டு மாறினாலோ நிறுத்திப் போட்டாலோ, அதிலிருந்து 120 நொடி கழித்து எழுதும்; அந்த நொடிக் கணக்கை நாம் மாற்றிக்கொள்ளலாம். போனால் கடைசியாக எழுதி வைத்த இடத்துக்குப் பிறகு ஓடிய கதை போகும், அவ்வளவுதான்.

இதிலும் ஒரு வம்பு உண்டு. கரண்ட் வந்தால் தானே ஆன் ஆகும்படி கம்ப்யூட்டரை வைத்திருக்கிறேன். ஒரு ராத்திரி கரண்ட் போனதும் சுவிட்சை அணைக்காமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். இரண்டு மணிக்கு வீட்டுக்காரம்மா எழுப்பினார்: "ஏனுங்க, ஆபீஸ் ரூமுல யாரோ உடுக்கை அடிக்கறாங்க!" கரண்ட் வந்திருக்கிறது, எம்பிடி விட்ட இடத்திலிருந்து தானாகவே பாட ஆரம்பித்துவிட்டது. படுகளம் வேறு. விளக்கைப் போட்டுக் காட்டியும் அவர் உள்ளே வரவில்லை.

மறுநாள் எம்பிடி-யின் அமைப்பு ஃபைலில் 'ரெஸ்டோர் பாஸ்டு' என்ற வரியை 'யெஸ்' ஆக்கினேன். இப்போது விட்ட இடத்தில் நின்று காத்திருக்கிறது, நான் தட்டினால்தான் பாடுகிறது. அந்த ஒரு வரியையாவது அடுத்த வாரப் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
தறிக்காரர் ஒருவர்,
சோமனூர்.